மாடியில உற்பத்தி... தட்டுல பவர்கட்!

கீரைன்னு பார்த்ததும் ‘இது நம்ம அம்மாவுக்கான பக்கம்போல’னு புரட்டப் போற பாஸ், ஒரு நிமிஷம்! உங்க ஹாஸ்டல் மெஸ்ல வாரத்துக்கு ஒரு நாள் பச்சையா ஒண்ணை ஊத்துவாங்களே, ‘கீரைக் கூட்டு’ங்கிற பேர்ல... அதைப் பத்தி இல்லை இது. இது நிஜக் கீரை. மண்ணுல முளைக்கிறது, எறும்பு தூக்கிட்டுப் போறது, மூணு வாரத்துல அறுக்கிறது, சட்டியில போட்டதும் சுருங்கிக் காணாமப் போறது.

நான் கோயம்புத்தூர். ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம். டே ஸ்காலர். கரன்ட்டைப் பத்திப் படிக்கிற பொண்ணுக்குக் கீரையில என்ன வேலைன்னு கேட்டீங்கன்னா, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க. ரெண்டும் ஒரே கதைதான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். சின்ன வயசுல டி.வி-யில பாப்பாய் டப்பாவைப் பிதுக்கி வாயில போட்டதும் கை முஷ்டி வீங்குமே... அந்த ஸ்பினாச் வேற, நம்ம கடையில ‘பாலக்’னு கட்டு கட்டி விக்கிறது வேற! அசல் ஸ்பினாச் குளிருக்குப் பழகின செடி. நம்ம ஊர் வெயில்ல சீக்கிரமே பூவெடுத்து முடிஞ்சுடும். இங்கே பாலக்னு கிடைக்கிறது பெரும்பாலும் பீட்ரூட்டோட பங்காளி. விதையைக் கையில வெச்சுப் பாருங்க... பீட்ரூட் விதை மாதிரியே சொரசொரன்னு முடிச்சு முடிச்சா இருக்கும். வேலியில படர்ற கொடிப்பசலை இருக்கே, அது இன்னொரு குடும்பம். ஆக, ‘பசலை’, ‘பாலக்’, ‘ஸ்பினாச்’ மூணுக்கும் ஒரே மொழிபெயர்ப்பு போட்ட புண்ணியவான் யாருன்னு தெரியலை. நல்லா இருக்கட்டும்!

பாப்பாய் பத்தி இன்னொரு மொக்கையும் உண்டு. ‘ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியைத் தப்பா வெச்சதால ஸ்பினாச்ல பத்து மடங்கு இரும்பு இருக்கிறதா உலகமே நம்பிடுச்சு’ன்னு ஒரு கதை கேட்டிருப்பீங்க. 1981-ல ஒரு டாக்டர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினது அந்தக் கதையை ஊர் ஊரா பரப்புச்சு. 2010-ல மைக் சட்டன்ங்கிற ஆராய்ச்சியாளர் நோண்டிப் பார்த்தா, அந்தத் தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை! பாப்பாயைப் படைச்ச சீகர், அந்தச் சித்திரக்கதையில காரணமா சொல்லியிருந்தது இரும்பையே இல்லை... விட்டமின் ஏ-யை. இரும்பைப் பொறுத்தவரைக்கும் 100 கிராம் பச்சை ஸ்பினாச்ல சுமார் 2.7 மில்லிகிராம் இருக்கு. மோசமில்லை. ஆனா முஷ்டி வீங்காது.

சரி, இந்த இரும்பு மேட்டர் எனக்கு எப்படி முக்கியமாச்சு?

போன வருஷம் எங்க காலேஜ்ல ரத்த தான முகாம். கேர்ள்ஸ் வரிசை மட்டும் சும்மா ஜெட் வேகத்துல நகர்ந்துச்சு. என்னடா இது, ஃபீஸ் கவுன்ட்டர்லகூட இப்படி ஒரு ஸ்பீடைப் பார்த்ததில்லையேன்னு எட்டிப் பார்த்தா... பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்காங்க! விரல் நுனியில ஒரு குத்து. வர்ற சொட்டை ஒரு குட்டி கிளாஸ்ல இருக்கிற நீலத் தண்ணியில விடுவாங்க. அது காப்பர் சல்ஃபேட் கரைசல். ஒப்படர்த்தி 1.053. சொட்டு மூழ்கினா ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்குன்னு அர்த்தம், ரத்தம் கொடுக்கலாம். மிதந்தா வீட்டுக்குக் கிளம்பலாம். உலகத்துல மிதக்கிறவங்க ஃபெயில், மூழ்குறவங்க பாஸ்னு வர்ற ஒரே பரீட்சை அதுதான். என் சொட்டு ஜம்முனு மிதந்துச்சு. பிஸ்கட், ஃப்ரூட்டி ரெண்டும் போச்சு.

வீட்டுல வந்து சொன்னேன். அம்மா, “ரத்தம் இருந்தாத்தான கண்ணு குடுக்கறதுக்கு”ன்னு சிரிச்சாங்க. அம்மாவுக்கு வயசு 43. வீட்டுலேயே பிளவுஸ் தைக்கிறாங்க. முகூர்த்த சீஸன்னா ராத்திரி 11 மணி வரைக்கும் மெஷின் ஓடும். மாடிப்படி 18. பத்தாவது படியில நின்னு, கைப்பிடியைப் பிடிச்சு, மூச்சு வாங்கிட்டுத்தான் மீதி. கேட்டா, “வயசாச்சில்ல”. 43 எல்லாம் ஒரு வயசா? சினிமாவுல ஹீரோ காலேஜுக்குப் போற வயசு அது!

அந்த வாரமே ரெண்டு பேரும் ஒரு லேப்ல ரத்தம் கொடுத்தோம். எனக்கு 11.2. அம்மாவுக்கு 8.6. பொண்ணுங்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்னு டாக்டர் சொன்னாங்க. மூணு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, “கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிடுங்க. ஆனா, கீரை சாப்பிடுறேன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்கம்மா. இந்த அளவுக்கு இறங்கினதைக் கீரை மட்டும் தூக்காது”ன்னாங்க. இந்த வரியை நானும் உங்களுக்கு அப்படியே சொல்லிடுறேன். கீரை மருந்து இல்லை, சாப்பாடு.

இது ஏதோ எங்க வீட்டுப் பிரச்னைன்னு நினைச்சுடாதீங்க. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, 15-லிருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற இந்தியப் பெண்கள்ல 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. உங்க கிளாஸ்ல கேர்ள்ஸ் பெஞ்சை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அந்த வரிசை ஏன் அவ்வளவு வேகமா நகர்ந்துச்சுன்னு புரியும்.

‘அப்படின்னா கடையில ஒரு கட்டு வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்குத் தோட்டம்?’ - கரெக்டான கேள்வி. எங்க தெருவுல காலையில 6.30-க்கு ஒரு அம்மா கூடையில கீரை கொண்டுவருவாங்க. அவங்ககிட்ட வாங்குறதுல ஒரு பிரச்னையும் இல்லை. பிரச்னை, கீரையை ஆயுறது. வேரை வெட்டி, மண்ணை உதறி, புல்லைப் பொறுக்கி, பழுத்த இலையைத் தள்ளி, பூச்சி பார்த்து... ஒரு கட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில அம்மா ஒரு பிளவுஸுக்கு ஹெம்மிங் முடிச்சுடுவாங்க. அதனால எங்க வீட்டுல கீரைன்னா ஞாயித்துக்கிழமை. இன்னொண்ணு கவனிச்சீங்களா? பி.ஹெச்டி. பண்ற ‘ஆய்வு’ம் கீரை ‘ஆயுற’தும் ஒரே சொல்லுலேர்ந்து வந்ததுதான். முதல் வேலைக்கு ஸ்டைபெண்ட் உண்டு, ரெண்டாவதுக்குக் கிடையாது.

மாடியில வளர்த்தா இந்த அரை மணி மிச்சம். கத்திரிக்கோல் எடுத்துட்டுப் போய், வேணுங்கிற இலையை மட்டும் நறுக்கலாம். வேர் இல்லை, புல் இல்லை, மண் இல்லை. காசு மிச்சமாகும்னு சொல்றவங்களை மட்டும் நம்பாதீங்க ப்ளீஸ். பை, தென்னை நார்க்கழிவு, உரம், வலைன்னு எனக்கு முதல் மாசம் ஆன செலவுக்குக் கூடைக்கார அம்மாகிட்ட தினம் ஒரு கட்டுன்னு மாசக்கணக்குல வாங்கியிருக்கலாம். எனக்கு மிச்சம் பிடிக்க வேண்டியது அம்மாவோட நேரத்தை.

அடுத்த தடை, ஹவுஸ் ஓனர் மாமா. “மாடியில தண்ணி ஊத்துனா கான்கிரீட் ஊறிப்போகும் அம்மிணி, மழைக்கே கீழ ஓதம் அடிக்குது”ன்னார். அவர் சொன்னது நியாயம்தான். மாடித்தோட்டம் பத்திப் பேசுறவங்க நிறைய பேர் விட்டுடுற விஷயம் அது. உடனே எங்க சிவில் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வந்தேன். மேடம் டேப், நோட்டு, கால்குலேட்டரோட ஆஜர். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 பிரகாரம், ஆள் ஏறிப் புழங்குற மொட்டை மாடிக்குக் கணக்கெடுக்கிற சுமை, சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். அதாவது சுமார் 150 கிலோ. ஈரமான வெறும் மண்ணை அரை அடி உயரத்துக்கு மாடி முழுக்கக் கொட்டினா சதுர மீட்டருக்கு 270 கிலோ தொடும். அதோகதி! அதனால மண்ணைக் குறைச்சு நார்க்கழிவும் உரமும் சேர்க்கணும். பைகளை ஒரே இடத்துல குவிக்காம, கைப்பிடிச் சுவர் ஓரமா, கீழே பீம் போற வரிசையில பரத்தி வைக்கணும். தரையில வைக்காம ஸ்டாண்டு போட்டு ஏத்தி, கீழே தட்டு வெச்சு, வழியிற தண்ணியைப் பிடிக்கணும். எல்லாத்தையும் ஒரு ஏ4 ஷீட்ல படம் வரைஞ்சு மாமாகிட்ட நீட்டினோம். கண்ணாடியைப் போட்டு ரெண்டு நிமிஷம் பார்த்தார். “வாரம் ஒரு கட்டு எங்களுக்கு”ன்னு டீல் முடிஞ்சது. காலேஜ்ல அந்தப் பொண்ணு வரைஞ்ச எந்த டிராயிங்குக்கும் இவ்வளவு சீக்கிரம் சைன் விழுந்ததில்லை!

இனி பிராக்டிகல். கீரைக்கு வேர் ஆழமாப் போகாது, அரை அடி உயரம் தாராளம். அகலம்தான் முக்கியம். உடைஞ்ச டப், பழைய அரிசிச் சாக்கு, மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி... எதுவானாலும் சரி, அடியில ஓட்டை இருக்கணும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லாததால நார்க்கழிவுக் கட்டி எங்க ஊர்ல ஈஸியா கிடைக்கும். செங்கல் மாதிரி இருக்கும், ஊற வெச்சா உப்பிக்கிட்டே போகும். என் தம்பி அதை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தான். அதை ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசி, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கின உரம், ஒரு பங்கு நார்க்கழிவுன்னு கலந்தாச்சு. 2013-14-ல தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை சென்னையிலயும் கோவையிலயும் ‘நீங்களே செய்து பாருங்கள்’னு மாடித்தோட்டத்துக்கு ஒரு கிட் கொடுத்தாங்களே, அதுலயும் இதே நார்க்கழிவுதான் ஹீரோ.

விதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு டிப்ஸ். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை விதையெல்லாம் கடுகைவிடப் பொடிசு. பளபளன்னு கறுப்பு. அப்படியே தூவினா ஒரே இடத்துல கும்பலா விழும். மணலோட கலந்து தூவி, மேலே மெல்லிசா உரத்தைச் சலிச்சுவிட்டாப் போதும். புதைச்சுடக் கூடாது. வெந்தயத்துக்கு இந்த வம்பெல்லாம் இல்லை, அஞ்சறைப் பெட்டியில இருந்து எடுத்து ஒரு ராத்திரி ஊறவெச்சுப் போட்டா மூணாம் நாள் தலை நீட்டும். லேப் ரெக்கார்டு எழுத சோம்பேறித்தனப்படுற கேஸா நீங்க? வெந்தயக்கீரையில ஆரம்பிங்க. பாலக் விதை கொஞ்சம் ஸ்லோ. முளைக்க ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கும். ஆனா அதுகிட்ட ஒரு நல்ல குணம்... பீட்ரூட் ரத்தமாச்சே, கொஞ்சம் உப்புத்தண்ணியைத் தாங்கும். எங்க வீட்டுல நல்ல தண்ணி குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். போர் தண்ணி உப்பு. மத்த கீரையெல்லாம் இலை ஓரம் கருகி முகத்தைத் திருப்பிக்கிட்டப்போ, பாலக் மட்டும் அசரலை. அரிசி கழுவின தண்ணியை அம்மா இப்போ கொட்டுறதில்லை, அது மத்ததுங்களுக்கு.

கோயம்புத்தூர்க்காரங்களுக்கு ஒரு சௌகரியம். வேளாண் பல்கலைக்கழகம் பக்கத்துலயே இருக்கு. அவங்க வெளியிட்ட ரகத்துக்கெல்லாம் ‘கோ’ன்னு ஆரம்பிச்சு நம்பர் போட்டிருக்கும். அதுல கோ 3 கீரை, கிள்ளக் கிள்ளத் துளிர்க்கிற ஜாதி. வேரோட பிடுங்குறது வேற, கிள்ளுறது வேற. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கூடைக்கார அம்மா. “அடியில ரெண்டு கணு விட்டு அறு சாமி, அது பாட்டுக்கு வரும்”னாங்க. அவங்க பிசினஸுக்கே ஆப்பு வைக்கிற பொண்ணுக்கு ஃப்ரீயா க்ளாஸ் எடுத்த அந்த மனசு இருக்கே... அதனால வாரம் ஒரு கட்டு இன்னும் அவங்ககிட்டதான் வாங்குறோம்.

இப்போ ட்ரிபிள் ஈ-க்கு வர்றேன். பைக்காராவில தயாராகிற கரன்ட் அப்படியே நம்ம ஃபேனுக்கு வந்து சேர்றதில்லை. கம்பியில கொஞ்சம் சூடா போகும், டிரான்ஸ்ஃபார்மர்ல கொஞ்சம் போகும். இதுக்குப் பேரு லைன் லாஸ். செமஸ்டருக்கு செமஸ்டர் கேட்கிற கேள்வி. கீரைக்கும் அதே லைன் லாஸ் இருக்கு. தூவின அன்னிக்கே எறும்பு வரிசை கட்டி விதையைத் தூக்கிட்டுப் போச்சு. அம்மா பை ஓரமா கொஞ்சம் அரிசி ரவையைத் தூவிவிட்டாங்க. எறும்புங்க ரவையைத் தூக்கிட்டுப் போச்சுங்க, விதை தப்பிச்சது. என்ன ஒரு டைவர்ஷன்! முளைச்சதும் புறா. அதுக்கு வலை. அப்புறம் இலையைச் சுருட்டி உள்ளே குடித்தனம் பண்ற புழு. அதுக்கு, காலையில போய் ஒவ்வொண்ணா கையால பொறுக்கி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைத் துளி சோப்போட அடிச்சுத் தெளிக்கிறது. அறுக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அதையும் நிறுத்திடணும், இல்லேன்னா கடைசல் கசக்கும்.

அளவு போதுமான்னு ஒரு கணக்கும் போட்டேன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் கீரை சொல்லுது. எங்க மாடியில எடை போட்டுப் பார்த்ததுல, ஒரு சதுர மீட்டருக்கு 25 நாள்ல ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் கிடைச்சது. அப்போ ஒரே ஒரு ஆளுக்கே ரெண்டரை சதுர மீட்டருக்கு மேல வேணும். அஞ்சு பேருக்கு? மாமா மாடியையே எழுதிக் கொடுத்தாத்தான் உண்டு. அதனால எல்லாப் பையிலயும் ஒரே நாள்ல விதைக்காம, அஞ்சு நாளைக்கு ஒரு பைன்னு முறை வெச்சேன். முதல் பை அறுவடைக்கு வரும்போது கடைசிப் பை முளைச்சிருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க இதுக்கு ‘ரவுண்ட் ராபின்’னு பேர் வெச்சு 16 மார்க் கேள்வியா கேட்பாங்க. அப்பத்தா அதைக் கேட்டுட்டு, “சுத்து வெதைப்பு”ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க.

22-வது நாள் முதல் அறுவடை. வெந்தயக்கீரையும் சிறுகீரையுமா சேர்த்து 480 கிராம். தராசுல நிறுத்தி போட்டோ எல்லாம் எடுத்து க்ரூப்ல போட்டாச்சு. அம்மா சின்ன வெங்காயம், பூண்டு, ரெண்டு தக்காளி போட்டு வேகவெச்சு, சட்டியில மத்தால கடைஞ்சு, கடைசியில தாளிச்சுக் கொட்டினாங்க. மத்து சுத்துறப்போ வர்ற அந்த வாசனை... அடடா! ஆனா, கூடை நிறைய போனது ஒரு சின்னக் கிண்ணமா வந்துச்சு. கீரையை வேகவெச்சவங்களுக்குத் தெரியும், அது ஒரு மேஜிக். லைன் லாஸ் நம்பர் நாலு.

பரிமாறல் ஆரம்பம். அப்பா ஃபவுண்டரியில ஷிஃப்ட் முடிச்சு வந்திருந்தார், அவருக்கு முதல்ல. தம்பி பிளஸ் டூ, படிக்கிற பையன், அவனுக்கு அடுத்து. அப்பத்தாவுக்குக் களிக்குத் தொட்டுக்க. அப்புறம் நான். எல்லாரும் ‘செம’, ‘சூப்பர்’னு ரெண்டாவது தடவையும் போட்டுக்கிட்டோம். நான் கை கழுவிட்டு வந்து பார்த்தா, அம்மா அடுப்படியில உட்கார்ந்து காலிச் சட்டியில ஒரு பிடி சோத்தைப் போட்டு, ஓரத்துல ஒட்டியிருந்ததை வழிச்சுப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. சோறு லேசா பச்சையா இருந்துச்சு. அவ்வளவுதான்.

அதுல ஆச்சர்யப்பட ஒண்ணுமே இல்லைங்கிறதுதான் விஷயம். உங்க வீட்டுல எப்படி? கடைசியா சாப்பிடுறது யாரு? அவங்க தட்டுல என்ன இருந்துச்சு? காட்சியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. நானும் அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து நம்பர் பார்த்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல போட்ட பட்டியல்ல, ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேணும். பெண்ணுக்கு 29. மாசா மாசம் ரத்தம் போகுதே, அதனால. அதிகமா தேவைப்படுற ஆளு கடைசியில, மிஞ்சினதைச் சாப்பிடுறாங்க. எங்க பாடத்துல இதுக்கு, லைனோட வால்ல இருக்கிற வீடுன்னு சொல்வோம். சப்-ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் லைட் பளிச்சுனு எரியும், கடைசி வீட்டுல பல்பு அழுது வடியும். உற்பத்தியைக் கூட்டினாலும், நடுவுல இருக்கிறவங்களே இழுத்துக்கிட்டா வால்ல வோல்டேஜ் ஏறாது. மாடியில இன்னும் நாலு பை வெச்சா தம்பி மூணாவது தடவை போட்டுப்பான், அவ்வளவுதான்!

அடுத்த தடவை அறுத்தப்போ, கடைஞ்சதும் முதல் வேலையா ஒரு சின்னப் போசியில அம்மா பங்கை எடுத்து மூடி வெச்சேன். தம்பி வந்து தட்டைப் பார்த்தான். அம்மா போசியைத் திறந்து அவன் தட்டுல கவுத்துட்டாங்க. “நான் அப்பறமா ரசம் ஊத்திக்கறேன் கண்ணு. வளர்ற பையன்.” அதுக்கு அடுத்த தடவை எனக்குக் கவுத்தாங்க. “உனக்கும்தான கம்மி?” இதுக்கு என்ன பதில் சொல்றது? நானும் ஒரு வாரம் கத்திப் பார்த்தேன். சார்ட் போட்டுக் காட்டினேன். 29, 19 எல்லாம் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினேன். அம்மா அதுமேலயே மளிகை லிஸ்ட்டை ஒட்டினாங்க.

தீர்ப்பு வந்தது எதிர்பார்க்காத பெஞ்ச்லேர்ந்து. ஒரு நாள் மத்தியானம் அப்பத்தா கரண்டியைக் கையில எடுத்துக்கிட்டு, சட்டிக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டாங்க. “நானும் அம்பது வருசம் சட்டி வழிச்சுத் தின்னவதான். உங்க தாத்தனுக்குத் தெரியாது, உங்கப்பனுக்கும் தெரியாது. அவ தட்டைக் கொண்டா மொதல்ல. அவ முன்னால தின்னட்டும், அப்பறம் எவனுக்கு வேணுமோ வாங்க”ன்னாங்க. அப்பா தட்டைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னார். அம்மா, “என்னங்கத்தை இது...”ன்னு நெளிஞ்சாங்க. மாமியார் வார்த்தையை மீற முடியுமா? உட்கார்ந்து சாப்பிட்டாங்க. ரொம்ப வேகமா, யாரோ துரத்துற மாதிரி. அம்மா மத்தவங்களுக்கு முன்னாடி சாப்பிட்டு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

தினமும் அப்படி நடக்குதுன்னு ரீல் விட மாட்டேன். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட்னா எல்லாருக்கும் வேற வேற நேரம். அவசர ஆர்டர் வந்தா அம்மா நின்னுக்கிட்டே ரெண்டு வாய். ஆனா கீரை வைக்கிற நாள்ல கரண்டி அப்பத்தா கையில.

தட்டுக்கு வந்துட்டா முடிஞ்சதா? இல்லை, கடைசி லாஸ் வயித்துக்குள்ள. செடியில இருக்கிற இரும்பை நம்ம உடம்பு கொஞ்சம்தான் இழுத்துக்கும், பெரும்பாலும் பத்துல ஒரு பங்கைத் தாண்டாது. கூடவே விட்டமின் சி போனா இன்னும் கொஞ்சம் இழுக்கும். அதனால இறக்கி வெச்சப்புறம் ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழியிறோம். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா, அதுல இருக்கிற டானின் வந்த இரும்பையும் பிடிச்சு வெச்சுக்கும். எங்கம்மாவுக்கு டீதான் பெட்ரோல். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டீன்னு ஒப்பந்தம் போட்டிருக்கோம். தைக்கக் கொடுக்க யாராவது அக்கா வந்து உட்கார்ந்துட்டா ஒப்பந்தம் ரத்து. ‘அவங்களுக்கு மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்?’ மாத்திரைக்கும் இதே விதி. வயித்தைப் பிடிக்குதுன்னு நடுவுல ரெண்டு தடவை நிறுத்தப் பார்த்தாங்க, டாக்டர் வேற மாத்திரை மாத்திக் கொடுத்தப்புறம் ஒழுங்கா போகுது.

மூணு மாசம் கழிச்சு அம்மாவுக்கு 10.1. எனக்கு 11.9. பெரும்பங்கு மாத்திரையோட வேலை, கீரைக்குக் கிரெடிட் கொடுத்துக் கைதட்டல் வாங்க மாட்டேன். இன்னும் மூணு மாசம் தொடரணும்னு சொல்லியிருக்காங்க. மாடிப்படியில இப்போ பதினாலாவதுல நிக்கிறாங்க. அங்கே நின்னா மேலே பைகள் தெரியும். ‘அந்த ஓரத்துப் பை வாடியிருக்கு பாரு’ன்னு அங்கேயிருந்தே ஆர்டர் வரும்.

இப்போ புதுசா ஒரு கம்ப்ளெயின்ட் கிளம்பியிருக்கு. சிறுகீரையும் பாலக்கும் தின்னு தின்னு அம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சாம். மணத்தக்காளி வேணுமாம். தேங்காய்ப்பால் ஊத்தி, அவங்க அம்மா வீட்டுல வைப்பாங்களாம். “எனக்கு அதுதான் புடிக்கும்”னாங்க. அம்மாவுக்கு என்ன பிடிக்கும்ங்கிற லிஸ்ட்டே எங்க வீட்டுல யாருகிட்டயும் இல்லை, இதுதான் முதல் என்ட்ரி. கூடைக்கார அம்மாகிட்ட நாலு பழம் வாங்கி, பிசைஞ்சு, விதையை அலசிச் சாம்பல்ல புரட்டி நிழல்ல காயவெச்சிருக்கேன். ஆனா அது பொடிக்கீரை மாதிரி இல்லை, இடுப்பு உயரத்துக்குச் செடியா நிக்கும், பெரிய பை வேணும், ஸ்டாண்டுல இடமில்லை. மாமாகிட்ட மறுபடி பர்மிஷன் கேட்கணும். ஏ சிவில் மேடம், எங்கே இருக்கே... கால்குலேட்டரை எடுத்துக்கிட்டு சனிக்கிழமை வந்து சேரு!